வெஸ்லி துரை கட்டிய கோயிலா? திருவள்ளூர்ப் பக்கத்து மெதடிஸ்டு கோயில்கள் பற்றிச் சில குறிப்புகள்

ஜூன் 7

கேள்வி இது, கேட்டவர் எழுதியபடியே: "திருவள்ளூர் பக்கம் எங்கள் ஊர். சின்ன மெதடிஸ்டு கோயில், இப்போது சி.எஸ்.ஐ. வெஸ்லி துரை மாட்டு வண்டியில் வந்து கட்டியது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆண்டு விழா மலர் போடுகிறோம். எந்த வருஷம் என்று போடுவது? ஊர்க் கோயில்தானே, வரலாறு ஒரு பக்கத்துக்கு மேல் வராது என்று நினைக்கிறேன்."

தம்பி, ஒரு பக்கத்தில் அடங்காது. முதலில் வெஸ்லி. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1791இல் லண்டனில் இறந்துவிட்டார், இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவர் பெயரால் இயங்கிய மிஷன் சென்னைக்கு வந்தது 1817இல், ஜேம்ஸ் லிஞ்ச் என்பவரோடு. உங்கள் ஊருக்கு வண்டியில் வந்தவர் வெஸ்லியன் மிஷன் துரை. மிஷனின் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. என் அம்மாவின் ஊரும் திருவள்ளூர் பக்கம்தான், அங்கேயும் வெஸ்லி துரை கதை உண்டு. சின்ன வயதில் அவர் எந்த மரத்தடியில் வண்டியை அவிழ்த்தார் என்றுகூடக் காட்டுவார்கள்.

வெஸ்லியைத் திருத்துவது சுலபம். "கட்டினார்" என்ற சொல்லைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. வேலைக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

ஜூன் 8

வருஷம் கேட்டீர்கள். கல்லில் வருஷம் அழிந்திருந்தாலும் பெயர் மிச்சம் இருந்தால் போதும், ஓரளவு காலம் சொல்லலாம்.

"வெஸ்லியன் மிஷன்" என்று இருந்தால் பெரும்பாலும் 1932க்கு முன். அந்த ஆண்டில் இங்கிலாந்தில் வெஸ்லியன், பிரிமிட்டிவ், யுனைட்டட் என்ற மூன்று மெதடிஸ்டு சபைகளும் ஒன்றாகின. அதன் பிறகு வெறும் "மெதடிஸ்டு". 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., தொடங்கியபோது, தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளோடும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் வழியில் வந்த சபைகளோடும் இவர்களும் சேர்ந்தார்கள். ஆகவே சி.எஸ்.ஐ. என்று செதுக்கியிருந்தால் அந்தக் கல் 1947க்குப் பிந்தியது. கோயில் அதற்கு முந்தியதாக இருக்கலாம்.

ஜூன் 8, இரவு

வேப்பேரியில் இருக்கும் மெதடிஸ்டு சபை இதில் சேராதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சேராது. அது அமெரிக்க மெதடிஸ்டு எபிஸ்கோபல் வழி. 1870களில் வில்லியம் டெய்லர் நடத்திய எழுப்புதல் கூட்டங்களோடு சென்னைக்கு வந்தது. அவர்கள் 1947 இணைப்பில் சேரவில்லை, 1981இல் இந்திய மெதடிஸ்டு திருச்சபை ஆனார்கள். திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமக் கோயில்கள் பிரிட்டிஷ் வெஸ்லியன் வழி. மலரில் இரண்டையும் கலந்துவிட்டால் வேறு ஒருவர் வரலாற்றை உங்கள் ஊருக்கு எழுதியதாகிவிடும்.

ஜூன் 15

இன்று ஞாயிறு, நேரம் இருக்கிறது. நான் சொல்ல வந்தது இதுதான்.

பழைய மலர்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே மாதிரி தொடங்கும்: இன்ன ஆண்டில் இன்ன துரை அடிக்கல் நாட்டினார், இன்னார் பிரதிஷ்டை செய்தார். அடிக்கல் நாட்டுவதற்கு முன்னால் அந்த மனை யாருடையது? அதை எந்த மலரும் கேட்டதில்லை.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் திருவள்ளூர் இருந்தது. கலெக்டர் கச்சேரி, அதாவது அலுவலகம், சைதாப்பேட்டையில். இந்த மாவட்டம் மிராசு, அதாவது பரம்பரை நில உரிமை, உள்ள ஊர்கள் நிறைந்தது. வயல் மட்டும் இல்லை, சேரியில் குடிசை போட்டிருந்த மனையும் தங்களுடையது என்று மிராசுதாரர்கள் சொன்னார்கள். படியாள், அதாவது பண்ணையாள், வேலையை விட்டால், கூலி அதிகம் கேட்டால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், "மனையைக் காலி பண்ணு" என்று ஒரு வார்த்தை போதும். சொந்த மனை இல்லாதவன் எதையும் எதிர்த்துப் பேச முடியாது. சேரி மக்கள் மிஷன்காரர்களிடம் போய்க் கேட்டவற்றில் வேதத்தோடு இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார், காலி பண்ணச் சொல்ல முடியாத ஒரு மனை.

இந்தக் குறை மேலே போன விதம் முக்கியம். திருவள்ளூர் பக்கம் வேலை செய்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி, செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ போன்றவர்கள் அரசாங்கத்துக்கு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள். கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். வீட்டு மனை விவகாரம் அதில் வெளிப்படையாக வந்தது. 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையைத்தான் இன்று ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் என்று பேசும்போது எல்லோரும் சுட்டுகிறார்கள். அந்த நிலத்தை மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆண்ட்ரூ நிலம் வாங்கி ஒரு குடியேற்றமே அமைத்தார், சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் மெல்ரோசாபுரம் என்று இன்றும் அந்த ஊர் இருக்கிறது.

இப்போது உங்கள் ஊர்க் கோயில் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். ஊர்த் தெருவிலா, சேரியிலா, இரண்டுக்கும் நடுவில் ரோட்டோரமா? என் அம்மாவின் ஊரில் சேரியின் கடைசியில், ஏரிக்கரைக்குக் கீழே, மழை வந்தால் தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் இருக்கிறது. வேறு இடம் தர யாரும் முன்வரவில்லை என்று ஆயா, என் பாட்டி, சொல்வார். முதலில் போட்ட கூரையை ராத்திரியில் யாரோ பிரித்துப் போட்டார்கள், மறுநாள் சேரியில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கட்டு ஓலை கொண்டுவந்து மறுபடி வேய்ந்தார்கள் என்பது அவருடைய அம்மா சொன்ன கதை. அவர் பார்த்தது இல்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போது எந்த எந்த வீடு ஓலை கொண்டுவந்தது என்று வரிசையாகச் சொல்வார். எந்த அடிக்கல்லிலும் அந்த வீடுகளின் பெயர் இல்லை.

உங்கள் மலரின் முதல் பக்கம் மனையிலிருந்து தொடங்கட்டும். கிராம நிர்வாக அலுவலகத்தில் அ-பதிவேடு (நில விவரப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) பாருங்கள். மனை கிராம நத்தமா, புறம்போக்கா, பட்டாவா? கிரயம் என்றால் யார் கொடுத்தது, யார் பெயருக்கு? பதிவு அலுவலகத்தில் பழைய பத்திரத்துக்கு மனுப் போடுங்கள். மிஷன் சொத்துகள் பிற்பாடு சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயருக்கு வந்திருக்கும், அந்தக் கோப்பில் முந்தைய பத்திரத்தின் விவரம் இருக்க வாய்ப்பு உண்டு.

ஜூன் 16

நேற்று சொல்லாமல் விட்டது: பள்ளிக்கூடம். அநேகமாக உங்கள் கோயில் கட்டடம் வார நாட்களில் பள்ளியாக இருந்திருக்கும். ஒரே கொட்டகை, ஒரே மனிதர். திங்கள் முதல் வெள்ளி வரை வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை உபதேசியார். மணி என்றால் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. பள்ளிக்கு அரசு மானியம் வாங்கியிருந்தால் சேர்க்கைப் பதிவேடு வைத்தே ஆகவேண்டும், இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். ஆகவே கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைவிடப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு பழையதாக இருக்கக் கூடும். பள்ளி இன்னும் நடக்கிறதென்றால் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள்.

ஜூன் 22

"ஞானஸ்நானப் பதிவேட்டில் முதல் பெயர் எழுதிய தேதியைச் சபையின் பிறந்தநாளாக வைத்துக்கொள்ளலாமா?" நல்ல கேள்வி. என் யோசனை, வேண்டாம். மெதடிஸ்டு முறையில் ஒருவரை உடனே சேர்த்துவிட மாட்டார்கள். சோதனைக் காலம் உண்டு. சின்னக் குழுவாகக் கூடும் வகுப்பு, வகுப்புத் தலைவர், மூன்று மாதத்துக்கு ஒரு உறுப்பினர் டிக்கெட் என்று ஒழுங்கு இருந்தது. கிராமத்தில் அதையெல்லாம் எவ்வளவு கண்டிப்பாக நடத்தினார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். எப்படியும் முதல் ஞானஸ்நானத்துக்கு மாதங்களுக்கு முன்பே, சில இடங்களில் வருஷங்களுக்கு முன்பே, மக்கள் கூடத் தொடங்கியிருப்பார்கள். மலரில் மூன்று தேதி போடலாம்: பள்ளி தொடங்கியது, முதல் ஞானஸ்நானம், இப்போதைய கட்டடம். ஒன்றுதான் வேண்டும் என்று கமிட்டி அடம் பிடித்தால் பள்ளி தொடங்கிய தேதியைப் போடுங்கள்.

ஜூன் 22, மாலை

ராயப்பேட்டை வழியாக வந்தேன், அதனால் இது.

வெஸ்லியன்காரர்களின் முதல் சிற்றாலயம் ராயப்பேட்டையில் 1819இல் திறந்தது. இப்போது நாம் பார்க்கும் கூரிய ஜன்னல் வைத்த கட்டடம் 1853. திருவள்ளூர்க் கிராமங்களுக்கு இதுதான் ஒருவகையில் தாய்வீடு. ஆனால் தாய்வீட்டுக்கும் ஒரு தாய்வீடு உண்டு, அது யாழ்ப்பாணம். லிஞ்ச் 1814இல் இலங்கைக்குப் போன குழுவில் ஒருவர். அவர்களை அழைத்துப் போன தாமஸ் கோக் வழியிலேயே கப்பலில் இறந்துவிட்டார். லிஞ்ச் யாழ்ப்பாணத்தில் வேலை செய்துவிட்டுத்தான் சென்னைக்கு வந்தார்.

அந்த வழி அதோடு மூடவில்லை. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் படித்து அங்கேயே கற்பித்தவர் ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிஷனரி பீட்டர் பெர்சிவலோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கினார், அதைச் சரிபார்க்க இருவரும் 1848இல் சென்னைக்கு வந்தார்கள். அதே நாவலர்தான் பிறகு சைவத்தின் பெரிய குரல் ஆனார். இன்னும் அரை நூற்றாண்டு கழித்து, ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியர் நா. கதிரைவேற்பிள்ளை, அவரும் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல சைவர். அவரிடம் படித்த மாணவர் திரு.வி.க. 1904இல் ஆசிரியருக்காக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனதில் திரு.வி.க.வின் பரீட்சையே போய்விட்டது. பிற்பாடு அதே வெஸ்லியில் தமிழாசிரியராக இருந்துவிட்டு, 1917இல் பத்திரிகைக்குப் போனார்.

அதே பள்ளியில்தான் எம்.சி. ராஜாவும் படித்தார், பரங்கிமலைக்காரர். திரு.வி.க.வும் அவரும் 1883இல் பிறந்தவர்கள். 1920இல் சென்னைச் சட்டசபைக்குப் போனபோது எம்.சி. ராஜா ஒடுக்கப்பட்ட மக்களின் குரலாக அங்கே உட்கார்ந்தார். கிராமத்துக் கொட்டகைப் பள்ளியையும் ராயப்பேட்டைப் பள்ளியையும் நடத்தியது ஒரே மிஷன். கொட்டகையில் ஐந்தாவது படித்த எத்தனை பிள்ளைகள் ராயப்பேட்டை வரை போனார்கள்? என் அம்மாவின் ஊரில் தாத்தாவின் அண்ணன் ஒருவர் போனார். போர்டிங்கில் சேர்த்தார்கள், திரும்பி வந்து அதே கொட்டகையில் வாத்தியார் ஆனார். உங்கள் ஊரில் அப்படி யார் என்று விசாரியுங்கள். அவருடைய படம் மலரில் வரவேண்டும், முழுப் பக்கமாக.

ஜூன் 29

ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார்: "மனைக்கும் கஞ்சிக்கும் வேதத்தில் சேர்ந்ததை இவ்வளவு பெருமையாக எழுதுவதா?"

1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. ஆமாம், மனை கேட்டார்கள். வாத்தியார் கேட்டார்கள். கலெக்டருக்கு எழுதும் கைக்கு மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம் என்ற நிலையில் இருந்தவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கேட்டதற்காகக் கூரை இழந்தார்கள், வேலை இழந்தார்கள், அப்புறமும் ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தார்கள். கஞ்சிக்காக மட்டும் வந்தவர்கள் என்றால் பஞ்சம் தீர்ந்ததும் கலைந்திருக்க வேண்டும். ஆயாவின் ஊரில் நான்கு தலைமுறையாக இருக்கிறார்கள்.

இன்னொன்று. இது மிஷன் பக்கம் மட்டும் நடந்த விஷயம் இல்லை. அதே காலத்தில் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார், 1893இல். அவர் கிறிஸ்தவர் இல்லை. மக்கள் எழுந்து நின்ற காலம் அது. சிலர் பத்திரிகை வழியாகப் பேசினார்கள், சிலர் வேதக்கோயில் வழியாக.

ஜூலை 5

ஜூன் 15 அன்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் துரைமார் ஒன்றும் செய்யவில்லையா?" என்று கேட்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. கௌடி ஷெட்லாந்து தீவுக்காரர். 1880களில் வந்து, வாழ்நாளின் நல்ல பகுதியைத் திருவள்ளூர், ஈக்காடு பக்கத்தில் கழித்தார். திருவள்ளூரில் இன்றும் அவர் பெயரில் பள்ளி இருக்கிறது. ஒரு கலெக்டர் வெள்ளைக்காரர் எழுதிய கடிதத்தைப் படித்த அளவுக்குச் சேரிக்காரர் கொடுத்த மனுவைப் படித்திருக்க மாட்டார், அந்த உண்மையை ஒளிக்க வேண்டியதில்லை. அவருக்கு மலரில் ஒரு பத்தி கொடுங்கள். ஆனால் அவரைத் தேடி முதலில் நடந்து போனது யார்? பெரும்பாலும் ஒரு குடும்பத் தலைவர், வேறு ஊரில் சம்பந்தம் செய்திருப்பவர், அங்கே பள்ளி வந்ததைக் கண்ணால் பார்த்தவர். மிஷன் ஊர் ஊராகப் பரவியது பெண் கொடுத்துப் பெண் எடுத்த வழியில்தான். ரயிலும் துணை செய்தது. 1856லேயே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட பாதை திருவள்ளூர் வழியாகத்தான் போனது.

ஜூலை 6

ஓடு. கூரையில் மங்களூர் ஓடு இருந்தால் ஒன்றைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். "பாசல் மிஷன், 1865" என்று அச்சு இருந்தால் குதித்துவிடாதீர்கள், அது மங்களூர்த் தொழிற்சாலை தொடங்கிய வருஷம், உங்கள் ஓடு சுட்ட வருஷம் இல்லை. "காமன்வெல்த் டிரஸ்ட்" என்று இருந்தால் முதல் உலகப் போருக்குப் பிந்தியது. ஜெர்மானியரும் சுவிஸ்காரரும் நடத்திய பாசல் மிஷன் தொழிற்சாலைகள் போரில் கைமாறியதால் வந்த பெயர் அது. ஓடு பிற்பாடு மாற்றியதாகவும் இருக்கலாம், சுவரின் காலத்தை அது சொல்லாது.

ஜூலை 13

ஆராதனை முறை பற்றி எழுதச் சொன்னார்கள். சுருக்கமாக.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை இன்று சென்னையில் எல்லாச் சபையிலும் நடக்கிறது. வெஸ்லியின் ஆட்கள் இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே விழித்திருந்து நடத்திய கூட்டங்களோடு அதற்குச் சொந்தம் உண்டு. புது வருஷத்தில் உடன்படிக்கை ஆராதனையும் அங்கிருந்து வந்ததுதான், 1755இல் வெஸ்லி தொடங்கியது. உங்கள் ஊரில் இன்னும் நடக்கிறதென்றால் அது பழைய மெதடிஸ்டு அடையாளம், மலரில் எழுதுங்கள்.

ஐயர், அதாவது போதகர், மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார், திருவிருந்துக்கு. மற்ற ஞாயிறுகளை நடத்தியது உபதேசியாரும் சபையாரும். எழுத்துத் தெரியாத பெண்கள் கீர்த்தனைகளை மனப்பாடமாகப் பாடினார்கள். காணிக்கைக்குக் காசு ஏது? உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து ஞாயிறு கொண்டுபோவார்கள். எல்லாம் சேர்த்து ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் விளக்குக்கு மண்ணெண்ணெய், பாய், உபதேசியாருக்கு ஒரு பங்கு. ஆயா கடைசி வரை கலயத்தை நிறுத்தவில்லை. ரேஷன் அரிசி வந்த காலத்திலும் ஒரு பிடி அதற்கென்று போகும். கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டால் அந்தக் கலயம்தான் என் ஞாபகத்துக்கு வருகிறது. மிஷன் பணமும் உண்டு, சரி. ஆனால் நூறு வருஷம் கோயிலைத் திறந்து வைத்திருந்தது பிடி அரிசி.

ஜூலை 20

இதைக் கவனமாகப் படியுங்கள், தம்பி. பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை அப்படியே மலரில் அச்சடிக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். செய்யாதீர்கள்.

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்று ஆனது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. அதனால் நம் ஊர்களில் ஒரே குடும்பத்தில் சர்டிபிகேட்டில் ஒரு பெயரும் கோயிலில் ஒரு பெயரும் இருப்பது சகஜம். சாதியால் அடி வாங்குவது மட்டும் அவர்களுக்கு மாறவில்லை. நீங்கள் நல்லெண்ணத்தில் அச்சடிக்கும் பட்டியல் யாரோ ஒரு பிள்ளையின் வேலைக்கோ கல்லூரி இடத்துக்கோ வினையாகலாம். 1950க்குப் பிறகு சில பதிவேடுகளில் பெயர்கள் குறைவது ஏன் என்பதும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது. ஆள் குறைந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

மிகப் பழைய பெயர்களை, அந்தந்த வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் போடுங்கள். பதிவேட்டைப் போட்டோ எடுத்து ஒரு பிரதியை ஐயரிடம் பத்திரமாகக் கொடுத்துவையுங்கள். கறையான் காத்திருக்காது.

ஜூலை 21

மேலே தேட வேண்டுமானால்: எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் செங்கல்பட்டு மாவட்ட வருவாய்த் துறைக் கோப்புகள். வெஸ்லியன் மிஷன் கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோயாஸ் நூலகத்தில் இருக்கின்றன. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியிலும் சபை ஆவணங்கள் உண்டு. முதலில் எழும்பூர் போங்கள். ஊரின் பெயரைப் பழைய ஆங்கில எழுத்துக் கூட்டலில் எப்படி எழுதினார்கள் என்று தாலுகா வரைபடத்தில் பார்த்துவிட்டுப் போனால் நேரம் மிச்சம்.

ஆகஸ்ட் 3

போட்டோ அனுப்பியதற்கு நன்றி. கல்லில் வெள்ளை பெயின்ட் நாலைந்து பூச்சு இருக்கிறது, அடியில் "வெஸ்..." வரை தெரிகிறது. வருஷம் இருக்கும் வரி கீழே சிமென்ட்டுக்குள் போயிருக்கலாம். உளி வைக்காதீர்கள், ஆசிட் ஊற்றாதீர்கள். பெயின்ட் உரிப்பதை ஊர்ப் பெயின்டரிடம் விடாமல், பழைய கல் வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

கமிட்டி பழைய கல்லை எடுத்துவிட்டுக் கருப்பு கிரானைட்டில் புதுசு வைக்கப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இப்போதைய கமிட்டி உறுப்பினர் பெயர் எல்லாம் வரும், ஓலை கொண்டுவந்த வீடுகள் மறுபடியும் வராது. புதுக் கல் வைக்கட்டும், வேறு சுவரில். பழையது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லோர் முன்னிலும் இதைப் பேசுங்கள், கமிட்டி அறைக்குள் மட்டும் பேசாதீர்கள். வயதான பெண்கள் யாராவது எழுந்து பேசினால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், மலரின் இரண்டாம் பக்கத்துக்கு அதுதான் வேண்டும்.